கைதட்டலுக்கு முந்தைய 13 ஆண்டுகள்: கேலக்டிக் குடியரசு விழுந்த விதம்

ஸ்டார் வார்ஸ் வரிசையில் 2005இல் வந்த 'ரிவெஞ்ச் ஆஃப் தி சித்' படத்தின் கடைசிப் பகுதியில் செனட் கூடுகிறது. வட்டமான பிரம்மாண்ட மண்டபம். சுவர் முழுக்க அடுக்கடுக்காக உறுப்பினர்களின் மாடங்கள். நடுவே உயர்ந்து நிற்கும் மேடையில் குடியரசின் தலைவரான சான்சலர் பால்பட்டீன். முகம் உருக்குலைந்து போயிருக்கிறது. குடியரசைக் காக்கும் வீரத்துறவிகளான ஜெடாய்கள் தன்னைக் கொல்லப் பார்த்தார்கள் என்கிறார். பாதுகாப்புக்காகக் குடியரசு இனிமேல் முதல் கேலக்டிக் பேரரசாக மாற்றியமைக்கப்படும் என்கிறார். மண்டபமே கைதட்டுகிறது. சுதந்திரம் இப்படித்தான் சாகிறது, பலத்த கரவொலியோடு என்று தன் மாடத்திலிருந்து மெல்லச் சொல்கிறார் பத்மே அமிடாலா.

அந்த வரி பிரபலமாகிவிட்டது. எனக்கோ எத்தனை முறை பார்த்தாலும் மனம் அதற்கு முந்தைய காட்சிகளுக்கே ஓடுகிறது. அவர்கள் கைதட்டிய நேரத்தில் தடுப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. ராணுவம் பால்பட்டீன் கையில். நீதிமன்றமும் அவர் கையில். ஜெடாய்களில் பெரும்பாலோர் செத்தாயிற்று. 1999இல் வந்த 'தி ஃபாண்டம் மெனஸ்', 2002இல் வந்த 'அட்டாக் ஆஃப் தி குளோன்ஸ்', அப்புறம் இந்தப் படம் ஆகிய மூன்றுக்குள்ளும் ஓடும் கதைக்காலம் 13 ஆண்டுகள். அந்த 13 ஆண்டுகளைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பால்பட்டீன் பெரிய சூழ்ச்சிக்காரர். ஜெடாய்களின் பழைய எதிரிகளான சித் கூட்டத்தின் பிரபு அவர். டார்த் சிடியஸ் என்ற அந்த இன்னொரு பெயரில் எதிர்த்தரப்பையும் அவரே ஆட்டுவித்தார். அதெல்லாம் சரி. ஆனால் பேரரசராகும் வரை பதவியில் அவர் ஏறிய ஒவ்வொரு படியும் சட்டப்படியான படிதான். அவருக்கு எதிரே செனட், உச்ச நீதிமன்றம், ஜெடாய் பேரவை என்று மூன்று அமைப்புகள் நின்றன. தங்களுக்குள் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று மூன்றுக்கும் ஓரளவு தெரிந்தே இருந்தது. ஒன்றுகூட அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர்கள் மூடி வைத்த இடங்களில்தான் அவர் கை வைத்தார்.

ஒரு வரித் தகராறு

ஆரம்பம் மிகச் சாதாரணமானது. தொலைதூர நட்சத்திர மண்டலங்களுக்குப் போகும் வணிக வழிகளுக்கு வரி போடுவதில் தகராறு. வர்த்தகக் கூட்டமைப்பு கோபப்பட்டு நபூ என்ற சிறு கிரகத்தைப் போர்க்கப்பல்களால் சுற்றி வளைத்துவிடுகிறது. செனட் விவாதித்துக்கொண்டே இருக்கிறது. அப்போதைய சான்சலர் வலோரம் இரண்டு ஜெடாய்களைச் சமரசத்துக்கு ரகசியமாக அனுப்பி வைக்கிறார். முதல் படம் தொடங்கும்போதே அரசுத் தலைவர் தன் அவைக்குத் தெரியாமல்தான் ஒரு நல்ல காரியத்தைச் செய்ய முடிகிறது. படம் ஓடத் தொடங்குமுன் திரையில் ஏறும் எழுத்துகளிலேயே இந்தத் தகவல் வந்து போய்விடுவதால் பலர் கவனிப்பதில்லை.

நபூவின் ராணி பத்மே அமிடாலா தப்பித்துத் தலைநகர் கொரஸான்டுக்கு வந்து அவையில் முறையிடுகிறார். எங்கள் மண்ணில் படை இறங்கிவிட்டது, மக்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிறார். உடனே ஆட்சேபிப்பவர் யார்? வர்த்தகக் கூட்டமைப்பின் செனட் உறுப்பினர். படையெடுத்த வணிக நிறுவனத்துக்கே அந்த அவையில் ஓர் இருக்கை இருக்கிறது. உண்மையா என்று பார்க்க ஒரு விசாரணைக் குழு போடலாம் என்று அவர் சொல்ல, இன்னொரு உறுப்பினர் வழிமொழிகிறார். அதிகாரிகள் வலோரத்தின் காதருகே குனிந்து ஏதோ சொல்கிறார்கள். கொஞ்ச நேரம் முன்புவரை ராணியின் பக்கம் நின்ற வலோரம் திரும்பி, விசாரணைக் குழு போகும்வரை உங்கள் கோரிக்கையைத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்கிறார்.

இந்த இடத்தில் பால்பட்டீன் செய்வது ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் நின்று, நடப்பதை அப்படியே ராணிக்கு விளக்கிச் சொல்கிறார். உண்மையில் ஆள்வது இந்த அதிகாரிகள்தான், இவர்கள் வர்த்தகக் கூட்டமைப்பிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் என்கிறார். நீதிமன்றத்துக்குப் போகலாமே என்ற வழியையும் அவர் முன்பே எடுத்துச் சொல்லியிருந்தார். அது செனட்டைவிட மெதுவாகத்தான் நகரும் என்று ராணியே மறுத்துவிட்டார். இவற்றில் எதையும் பால்பட்டீன் இட்டுக்கட்டத் தேவைப்படவில்லை. அவை பாதி உயிரில் கிடப்பது கண்முன்னே தெரிந்தது. நியாயமான கோபத்தோடு அந்த இளம் ராணி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவருகிறார். வலோரம் போகிறார். நபூவின் மேல் எழுந்த அனுதாப அலையில் நபூவின் செனட் உறுப்பினர் பால்பட்டீன் சான்சலராகிறார். முற்றுகைக்குப் பின்னால் இருந்தவரும் அவரேதான்.

நீதிமன்றத்தைப் பற்றி ராணி சொன்னது பலித்தே விட்டது. பத்து ஆண்டுகளுக்குப் பின் வரும் இரண்டாம் படத்தில், படையெடுப்பு நடத்திய நூட் கன்ரே உச்ச நீதிமன்றத்தில் நான்கு விசாரணைகளைத் தாண்டியும் வர்த்தகக் கூட்டமைப்பின் தலைவராகவே நீடிக்கிறார். ஒரு வரியில் வந்து போகும் செய்தி இது. ஆனால் குடியரசிலிருந்து பிரிந்துபோக நிற்கும் பிரிவினைக் கூட்டணிக்கு இயந்திரப் படைகளைக் கொடுக்கிற பெரிய கைகளில் ஒன்று இதே கன்ரே. அமிடாலாவின் தலை என் மேசைக்கு வந்தால்தான் கையெழுத்து என்று பேரம் பேசுகிறார். முதல் வழக்கிலேயே தீர்ப்பு வந்திருந்தால் அந்த மேசையில் அவர் உட்கார்ந்திருக்க மாட்டார்.

குடியரசு எட்டாத ஊர்

முதல் படத்திலேயே டாட்டூயின் என்ற பாலைவனக் கிரகம் வருகிறது. அங்கே அடிமைகளை வாங்கி விற்கிறார்கள். பத்மே அதிர்ந்து போய், குடியரசில் அடிமை முறைக்கு எதிராகச் சட்டம் இருக்கிறதே என்கிறார். அடிமைப் பெண்ணான ஷ்மி, இங்கே குடியரசே கிடையாது என்று பதில் சொல்கிறாள். குடியரசின் பணமும் அங்கே செல்லாது.

ஷ்மியின் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் ஜெடாய் குவை-கான் நல்ல மனிதர். அவரே, நான் அடிமைகளை விடுவிக்க வரவில்லை என்று ஷ்மியின் சிறு மகனிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. பந்தயத்தில் ஜெயித்துச் சிறுவன் அனகினை மட்டும் மீட்கிறார். தாய் ஷ்மி அங்கேயே நிற்கிறாள்.

ஜெடாய் பேரவை அந்தச் சிறுவனைச் சோதிக்கிறது. தாயை இழந்துவிடுவோமோ என்று பயப்படுகிறாய் என்று பேரவையின் மூத்தவர் யோடா நேராகவே சொல்கிறார். பயம் கோபமாகும், கோபம் வெறுப்பாகும், வெறுப்பு துயரமாகும் என்றும் சொல்கிறார். நோய் என்னவென்று முதல் நாளே தெரிந்துவிட்டது. மருந்து? ஒன்றுமில்லை. அடுத்த பத்து ஆண்டுகளில் அந்தத் தாய் எப்படி இருக்கிறாள் என்று பேரவையிலிருந்து யாரும் போய்ப் பார்த்ததாகப் படத்தில் இல்லை. அவளை விலைக்கு வாங்கி விடுதலை செய்து மணந்துகொண்டவர் க்ளீக் லார்ஸ் என்ற விவசாயி. பிற்பாடு கொள்ளையரிடம் சிக்கி, மகன் தேடி வந்து சேர்ந்த அன்றைக்கு அவன் கையிலேயே சாகிறாள். அந்த இரவு அனகின் ஒரு குடியிருப்பையே, பெண்கள் குழந்தைகள் உட்பட, வெட்டிச் சாய்க்கிறான்.

அனகின் ஏன் இருளுக்குப் போனான் என்று பேசும்போது பெரும்பாலும் அவனுடைய காதலையும் ஆணவத்தையும் சொல்வார்கள். எனக்கு அந்த முதல் நாள் சோதனைதான் முதலில் நினைவுக்கு வரும். ஒரு குழந்தையின் பயத்தைத் துல்லியமாகக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, அதற்கு ஒன்றும் செய்யாமல் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

செத்தவர் பெயரில் ஒரு படை

இரண்டாம் படத்தின் துப்பறியும் பகுதியை ஒரு கொள்முதல் கோப்பைத் தணிக்கை செய்வது போலப் பார்க்கலாம். அனகினின் ஆசானான ஜெடாய் ஓபி-வான், கமினோ என்ற கிரகத்தைத் தேடி ஜெடாய் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறார். அது வரைபடத்தில் இல்லை. எங்கள் பதிவுகளில் இல்லையென்றால் அப்படி ஒரு பொருளே இல்லை என்று காப்பாளர் ஜோகாஸ்டா நூ சொல்கிறார். குரலில் ஆணவம்கூட இல்லை, அவர் அப்படியே நம்புகிறார். கடைசியில் யோடாவிடம் பாடம் படிக்கும் குழந்தைகளில் ஒன்றுதான் சொல்கிறது, யாரோ அழித்திருக்கிறார்கள் என்று. காப்பகப் பதிவை அழிக்க ஜெடாய் ஒருவரால்தான் முடியும் என்று யோடாவே ஒப்புக்கொள்கிறார். யார் அழித்தது என்ற விசாரணை அதோடு நின்றுவிடுகிறது.

கமினோவில் குடியரசுக்கென்றே ஒரு குளோன் படை தயாராகிக்கொண்டிருக்கிறது. 2,00,000 வீரர்கள் தயார், இன்னும் 10,00,000 பேர் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று பெருமையாகக் காட்டுகிறார்கள். ஆர்டர் கொடுத்தவர் சைஃபோ-டயஸ் என்ற ஜெடாய். அவர் அதற்கு முன்பே கொல்லப்பட்டுவிட்டார் என்றுதான் ஓபி-வானுக்கு நினைவு. பேரவை ஒப்புதல் கொடுக்கவே இல்லை. அத்தனை வீரர்களும் ஜாங்கோ ஃபெட் என்ற ஒரே கூலிக்கொலைகாரனின் நகல்கள். தன்னை வேலைக்கு எடுத்தவர் டைரனஸ் என்று அவன் சொல்கிறான். ராணிப் பதவி முடிந்து செனட் உறுப்பினராகி, படை உருவாக்கும் சட்டத்தை எதிர்த்த பத்மேயைக் கொல்ல ஏற்பாடு செய்தவனும் அவன்தான்.

இவ்வளவும் ஓபி-வானுக்குத் தெரியும். பேரவைக்கும் தகவல் போகிறது. ஆர்டர் கொடுத்தது யார், பணம் கட்டியது யார், டைரனஸ் யார் என்று மூன்று கேள்விகள் பதிலில்லாமல் நிற்கின்றன. ஆனால் ஓபி-வானும் அனகினும் பத்மேயும் ஜியோனோசிஸில் மாட்டிக்கொள்கிறார்கள், அவசரம் வந்துவிடுகிறது. யோடாவே கமினோவுக்குப் போய் அந்தப் படையை அழைத்து வருகிறார். அது சமயத்தில் வந்து உயிர்களைக் காப்பாற்றுகிறது. காப்பாற்றிய படையைச் சந்தேகப்பட அப்புறம் யாருக்கும் மனம் வரவில்லை. ஜெடாய்கள் அதற்குத் தளபதிகளாகி மூன்று ஆண்டுகள் போர் நடத்துகிறார்கள்.

சொல்லலாமா, வேண்டாமா

மொத்தக் கதையின் முடிச்சு ஒரு நிமிடம்கூட ஓடாத ஒரு பேச்சில் இருக்கிறது என்பது என் எண்ணம். கமினோ செய்தி வந்ததும், இப்படி ஒரு படை உருவானதே தெரியாத அளவுக்குக் குருடாகிவிட்டோமே என்று யோடா வருந்துகிறார். ஜெடாய்களின் மறை ஆற்றலான ஃபோர்ஸைப் பயன்படுத்தும் திறன் நமக்குக் குறைந்துவிட்டது, அதை செனட்டுக்குத் தெரிவிக்கும் நேரம் வந்துவிட்டது என்கிறார் பேரவையின் மேஸ் விண்டு. யோடா மறுக்கிறார். நம் பலவீனம் சித் பிரபு ஒருவனுக்குத்தான் தெரியும், செனட்டுக்குச் சொன்னால் நம் எதிரிகள் பெருகிவிடுவார்கள் என்கிறார். பேச்சு அங்கேயே முடிகிறது.

யோடாவைக் குற்றவாளியாக்க எனக்கு மனமில்லை. பொறுப்பில் இருக்கிற யாருக்கும் தோன்றக்கூடிய நியாயம் அது. ஆனால் அந்த முடிவின் கணக்கைப் பாருங்கள். எதிரிக்கு ஏற்கனவே தெரிந்த ஒன்றை, தங்களை நம்பியிருப்பவர்களிடமிருந்து மறைக்கிறார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளும், ஜெடாய்கள் இருக்கிறார்கள், தீயது வந்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் செனட் ஓட்டுப் போடுகிறது. மறைத்த இந்த ஒன்றை உடைத்துச் சொல்லியிருந்தால், சான்சலர் அலுவலகத்தையும் அந்தப் படையையும் வேறு யாராவது சோதிக்க வேண்டும் என்ற பேச்சாவது எழுந்திருக்கும்.

பேரவையின் மற்ற தவறுகளும் இதே குணத்திலிருந்து வந்தவைதான். சித் திரும்பி வந்திருக்கிறது என்று குவை-கான் சொன்னபோது, அவர்கள் அழிந்து ஆயிரம் ஆண்டுகள் ஆயிற்று, முடியவே முடியாது என்றார் பேரவை உறுப்பினர் கி-அடி-முண்டி. கொலை முயற்சிக்குப் பின்னால் பிரிவினைக் கூட்டணியின் தலைவர் கவுன்ட் டூக்கூ இருக்கலாம் என்று பத்மே சொன்னபோது, அவர் முன்னாள் ஜெடாய், கொலை செய்ய ஏவுவது அவர் இயல்பில் இல்லை என்றார் விண்டு. செனட் ஒரு சித் பிரபுவின் பிடியில் இருக்கிறது என்று டூக்கூவே ஓபி-வானிடம் சொன்னபோது, பொய்யும் பிளவும் அவர் வழி என்று யோடா தள்ளிவிட்டார். செனட்டைக் கொஞ்சம் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும் என்று விண்டு சொன்னார், அவ்வளவுதான். மூன்றாவது சம்பவத்தில் சொன்னவர் எதிரி என்றாலும், சொன்னது முழு உண்மை.

அவசரகால அதிகாரம்

குளோன் படையைப் பயன்படுத்த செனட் சீக்கிரம் சம்மதிக்காது. ஆகவே சான்சலருக்கு அவசரகால அதிகாரம் தர வேண்டும். யாராவது தீர்மானம் கொண்டுவர வேண்டுமே என்று இழுக்கிறார்கள். செனட் உறுப்பினர் அமிடாலா இங்கே இருந்தால் நன்றாக இருக்குமே என்று செனட்டின் துணைத் தலைவர் மாஸ் அமெடா ஏக்கமாகச் சொல்கிறார். அமிடாலா ஏன் இல்லை? கொலை முயற்சிக்குப் பின் பாதுகாப்புக்காக அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், அதில் சான்சலருக்கும் பங்கு உண்டு. அவர் இடத்தில் இருந்தவர் ஜார் ஜார் பிங்க்ஸ். வெள்ளை மனசுக்காரர். தன் தலைவி செய்திருக்கக்கூடியதைத்தான் செய்வதாக நினைத்து எழுந்து தீர்மானத்தை முன்மொழிகிறார். அதைக் கேட்டு மண்டபம் ஆரவாரம் செய்கிறது. ரசிகர்கள் இத்தனை ஆண்டுகளாக அவரைத்தான் திட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓர் அவை முழுவதும் செய்ய விரும்பியதை அவர் வாய் சொன்னது.

தயக்கத்தோடுதான் ஏற்கிறேன், நெருக்கடி தணிந்ததும் அதிகாரத்தைக் கீழே வைத்துவிடுவேன் என்று பால்பட்டீன் வாக்குக் கொடுக்கிறார். தேதி இல்லை. மறு ஓட்டெடுப்பு இல்லை. நெருக்கடி தணிந்துவிட்டதா என்று தீர்மானிக்கப்போவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பழைய ரோமில் சர்வாதிகாரி பதவிக்கு ஆறு மாத வரம்பு இருந்தது. 1933 மார்ச் 23 அன்று ஜெர்மன் நாடாளுமன்றம் 444க்கு 94 என்ற கணக்கில் ஹிட்லருக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தைக் கொடுத்தபோதுகூட நான்கு ஆண்டு வரம்பு எழுதியிருந்தது, அது காப்பாற்றவில்லை என்பது வேறு விஷயம். இயக்குநர் ஜார்ஜ் லூகஸ் இந்தக் கதையை முதலில் யோசித்தது வியட்நாம் போரும் நிக்சன் ஆட்சியும் நடந்த காலத்தில். ஒரு ஜனநாயகம் எப்படித் தன்னையே ஒரு சர்வாதிகாரியின் கையில் கொடுத்துவிடுகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. கொடுக்கும் காட்சியில் அவர் யார் கையிலும் துப்பாக்கியை வைக்கவில்லை.

படத்தின் முடிவில் வரிசை வரிசையாகக் குளோன் வீரர்கள் கப்பல் ஏறுகிறார்கள். மாடத்தில் பால்பட்டீன் நிமிர்ந்து நிற்கிறார். செனட் உறுப்பினர் பெய்ல் ஆர்கனா தலை குனிகிறார்.

எழுத்தில் இல்லாத வேலை

மூன்றாம் படத்தில் பால்பட்டீனின் பதவிக்காலம் முடிந்தும் அவர் தொடர்கிறார். அனகினிடம் இதைச் சொல்லி ஓபி-வான் கவலைப்பட, செனட்தானே நீடிக்கச் சொன்னது என்கிறான் அவன். அவன் சொல்வது சரிதான்.

இப்போது பேரவைக்குப் பயம் வந்துவிட்டது. சான்சலர் தன் பிரதிநிதியாக அனகினைப் பேரவையில் உட்கார வைக்கிறார். இடம் கொடுக்கிறார்கள், மாஸ்டர் பட்டம் தர மறுக்கிறார்கள். பிறகு அதே ஆளிடம் சான்சலரை உளவு பார்க்கச் சொல்கிறார்கள். பேரவைக் கூட்டத்தில் அதை ஏன் சொல்லவில்லை என்று அனகின் கேட்க, இந்த வேலை பதிவில் இருக்கக் கூடாது என்கிறார் ஓபி-வான். நீங்கள் கேட்பது ஜெடாய் நெறிக்கும் குடியரசுக்கும் விரோதம், ஒரு நண்பருக்கும் துரோகம் என்று அனகின் முகம் கறுக்கச் சொல்கிறான். ஓபி-வானிடம் பதில் இல்லை. அவருக்கே அந்த வேலையில் விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிகிறது.

அடுத்து அந்த அரங்கக் காட்சி. மேடையில் நீர்க்கோளங்கள் மிதக்க, மங்கிய ஒளியில் பால்பட்டீனும் அனகினும் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார்கள். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, பேரவை என்னை உளவு பார்க்கச் சொன்னது, இல்லையா என்று பால்பட்டீன் கேட்கிறார். அனகினால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அதிகாரம் பெற்ற எல்லாருக்கும் அதை இழக்கப் பயம், ஜெடாய்களுக்கும்தான் என்கிறார். பேரவை ஒளிவுமறைவில்லாமல் நடந்திருந்தால் இந்தப் பேச்சுக்கு அங்கே எடுபட வழியில்லை. சாட்சியத்தை அவர்களே தயார் செய்து கொடுத்துவிட்டார்கள்.

ரகசியமாக மணந்துகொண்ட பத்மே பிரசவத்தில் சாகப்போவதாக அனகினுக்குக் கனவுகள் வருகின்றன. யோடாவிடம் போகிறான். யார் என்று சொல்ல முடியாது, ஜெடாய்க்குத் திருமணம் கூடாது. இழக்க அஞ்சுவதையெல்லாம் விட்டுவிடப் பழகு என்று அறிவுரை கிடைக்கிறது. தாயை நினைத்துப் பயந்த அதே பையன், 13 ஆண்டுகள் கழித்து, அதே பயத்தோடு அதே பெரியவர் முன்னால்.

ஒரே வாக்கியம்

படத் தொடக்கத்தில் நிராயுதபாணியாக மண்டியிட்டிருக்கும் டூக்கூவை பால்பட்டீன் தூண்டுதலில் அனகின் கொல்கிறான். செய்திருக்கக் கூடாது என்று அவன் தடுமாற, உயிரோடு விட முடியாத அளவுக்கு அவன் ஆபத்தானவன் என்று பால்பட்டீன் தேற்றுகிறார்.

பால்பட்டீன்தான் சித் என்று தெரிந்ததும் விண்டு மூன்று பேரோடு போகிறார். செனட்டின் பெயரால் கைது என்கிறார், ஆனால் செனட்டிடம் அவர் கேட்கவில்லை. சான்சலர் அவசரகால அதிகாரத்தைக் கைவிடாவிட்டால் செனட்டைப் பேரவை தன் கட்டுப்பாட்டில் எடுக்க வேண்டியிருக்கும் என்று முன்பே பேசி வைத்திருந்தவர்கள்தான் அவர்கள். சண்டையின் முடிவில் பால்பட்டீன் தரையில் கிடக்க, விசாரணைக்கு நிறுத்த வேண்டும் என்கிறான் அனகின். செனட்டும் நீதிமன்றமும் இவன் கையில், உயிரோடு விட முடியாத அளவுக்கு ஆபத்தானவன் என்று விண்டு வாளை ஓங்குகிறார். டூக்கூவைக் கொன்றபோது கேட்ட அதே வாக்கியம் அனகின் காதில் விழுகிறது. விண்டு சொன்னது பொய்யில்லை. ஆனால் சட்டம் பேசுகிறவன் தன் சொந்தத் தேவைக்காகப் பேசுகிறான், சட்டத்தைக் காக்க வந்தவர் அதைக் கைவிட்டுவிட்டார். அந்த அறையில் குடியரசின் பக்கம் நிற்க யாருமில்லை.

அனகின் பால்பட்டீன் பக்கம் சாய்கிறான். அதன் பிறகு ஆணை 66, ஜெடாய்களைக் கொல்லச் சொல்லும் உத்தரவு. கமினோவில் யார் கொடுத்த ஆர்டர் என்று கேட்காமல் ஏற்றுக்கொண்ட படை, மைகீட்டோவிலும் ஃபெலூசியாவிலும் தன் தளபதிகளைப் பின்னாலிருந்து சுடுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சித் அழிந்துவிட்டது என்ற கி-அடி-முண்டி மைகீட்டோவில் விழுகிறார்.

செனட் பெயரளவில் இன்னும் பல ஆண்டுகள் இருக்கிறது. 1977இல், இந்த வரிசையிலேயே முதலில் வெளியான படத்தில்தான் அதைக் கலைத்துவிட்ட செய்தியைப் பேரரசின் ஆளுநர் டார்க்கின் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களிடம் சொல்கிறார். அதிகார வர்க்கம் இல்லாமல் எப்படி ஆள்வது என்று ஒரு தளபதி கேட்கிறார். பயம் பார்த்துக்கொள்ளும் என்று பதில் வருகிறது. அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

மூன்றாம் படம் டாட்டூயினில் முடிகிறது. பேரவையில் உயிர் தப்பிய ஓபி-வான் ஒரு கைக்குழந்தையோடு, குடியரசே கிடையாது என்று ஷ்மி சொன்ன அந்த மண்ணுக்கு வருகிறார். லார்ஸ் குடும்பத்தின் வீட்டு வாசலில் அனகினின் மகனை, ஷ்மியின் பேரனை, ஒப்படைக்கிறார். ஷ்மியைப் புதைத்ததும் அந்த வீட்டருகில்தான்.